கடவுச்சீட்டும் கதியற்றவரும்: செயின்ட் லூயிஸ் கப்பலின் கதை

சொற்களைத் துருவிப் பார்ப்பது தமிழ் படித்தவர்களை விட்டுப் போகாத வழக்கம். வெளிநாடு செல்வோர் கையில் இருக்க வேண்டிய இரண்டு தாள்களின் பெயர்களை இன்று அவ்வாறு பார்ப்போம். ஒன்று கடவுச்சீட்டு. கடவு என்றால் வழி, கடந்து செல்லும் இடம். வழிவிடச் சொல்லும் சீட்டு ஆதலின் அது கடவுச்சீட்டு. மற்றொன்று விசா. 'பார்க்கப்பட்டது' என்னும் பொருளுடைய இலத்தீன் சொல் அது. தாளை அதிகாரி பார்த்தாயிற்று என்பதற்கு மேல் அச்சொல் எதையும் சொல்வதில்லை. நாம் அதனை நுழைவிசைவு என்று வழங்குகிறோம். வாயிலில் நிற்பவருக்கு வீட்டுக்காரர் தரும் இசைவு என்ற பொருளை நம் சொல் தெளிவாகவே காட்டிவிடுகிறது. இசைவு என்பது தருபவரின் உரிமை. தந்ததைத் திரும்பப் பெற்றுக்கொள்வதும் அவர் உரிமை. இவ்விரண்டு தாள்களாலும் பயன் பெறாது நிற்பவரைக் குறிக்கும் சொல்லும் நம்மிடம் உண்டு. கதி என்பதற்குச் செலவு, வழி, புகல் எனப் பொருள் பல. அவை அற்றவர் அகதி.

உல்லாசக் கப்பலில் செல்லும் பயணியிடம் கேட்கப்படும் ஆவணங்களைப் பற்றி எழுதப் புகுந்த நாம் அகதியைப் பற்றிப் பேசுவானேன் என்று வாசகர்கள் ஐயுறலாம். இந்த இருவரையும் பிரிக்கும் கோடு எங்கே இருக்கிறது என்பதே இக்கட்டுரையின் பொருள். அக்கோடு ஒரு முறை ஒரே கப்பலின் மேல் விழுந்தது. அக்கப்பலின் கதையைச் சொல்லுமுன், அதன் உரிமையாளராக இருந்த நிறுவனத்தின் கதையையும் சிறிது சொல்ல வேண்டும்.

செருமனியின் ஹாம்பர்க் நகரில் இயங்கிய ஹாம்பர்க்-அமெரிக்கா கப்பல் நிறுவனம், ஐரோப்பாவின் ஏழை மக்களை அமெரிக்காவிற்கு ஏற்றிச் சென்று வளர்ந்தது. 1857இல் பிறந்த ஆல்பர்ட் பாலின் என்பவர் அந்நிறுவனத்தின் பயணிகள் பிரிவைப் பொறுப்பேற்று, 1899இல் அதன் தலைமை இயக்குநரும் ஆனார். குளிர்காலத்தில் அட்லாண்டிக் கடலைக் கடப்போர் குறைவு. விலையுயர்ந்த கப்பல்கள் துறைமுகத்தில் வெறுமனே கிடந்தன. அவற்றை வெயில் காயும் தென்கடலுக்கு அனுப்பினால் என்ன என்று பாலின் எண்ணினார். 1891 ஜனவரியில் 'ஆகஸ்தா விக்டோரியா' என்னும் கப்பல் 241 பயணிகளோடு மத்தியதரைக் கடலுக்குப் புறப்பட்டது. எங்கும் குடியேறாமல், எதையும் விற்காமல், துறை துறையாகப் பார்த்துவிட்டுப் புறப்பட்ட இடத்திற்கே திரும்பிவரும் பயணம் அது. இன்றைய உல்லாசக் கப்பல் பயணங்களின் தொடக்கமாக அதனைக் கருதுவோர் பலர். இன்பச் செலவுக்கென்றே கட்டப்பட்ட முதற் கப்பலாகிய 'பிரின்சசின் விக்டோரியா லூயிசே'யும் 1900இல் இதே நிறுவனத்தின் கொடியுடன் கடலில் இறங்கியது.

அந்நாளில் பயணிகளிடம் என்ன ஆவணங்கள் கேட்கப்பட்டன? மேற்கு ஐரோப்பாவின் பெரும்பகுதியில் கடவுச்சீட்டு என்பதே கேட்கப்படவில்லை எனலாம். உருசியப் பேரரசு, துருக்கியப் பேரரசு போன்ற சில இடங்களில் மட்டுமே அது கட்டாயமாக இருந்தது. எல்லைக் கட்டுப்பாடு ஏழைக் குடிபெயர்வோரிடமே கடுமை காட்டியது. 1891இல் அமெரிக்கா இயற்றிய குடிவரவுச் சட்டம், திருப்பி அனுப்பப்படுவோரைக் கொண்டுபோய்ச் சேர்க்கும் செலவைக் கப்பல் நிறுவனத்தின் தலையில் வைத்தது. எனவே புறப்படும் துறையிலேயே ஆளைச் சோதிக்கும் வேலை கப்பல் நிறுவனத்திற்கு வந்து சேர்ந்தது. ஹாம்பர்க் நகரின் வெடல் பகுதியில் 1901இல் பாலின் கட்டிய குடிபெயர்வோர் கூடங்களில் மருத்துவச் சோதனையும் நடந்தது. ஒரே ஆண்டில் தோன்றிய இவ்விரண்டையும் அருகருகே வைத்துப் பார்க்க வேண்டும். திரும்பி வருவது உறுதியென்று கருதப்பட்ட பயணிக்குக் கடல் திறந்தே இருந்தது. திரும்ப மாட்டான் என்று கருதப்பட்டவனுக்குச் சோதனைகள் காத்திருந்தன.

முதல் உலகப் போர் இந்த நிலையை மாற்றியது. ஒற்றர்களுக்கு அஞ்சிய அரசுகள் 1914க்குப் பின் கடவுச்சீட்டைக் கட்டாயமாக்கின. போர் முடிந்தும் அதனைக் கைவிடவில்லை. 1920இல் பாரிசில் நாடுகளின் கழகம் கூட்டிய மாநாடு, 32 பக்கங்கள் கொண்ட சிறு புத்தகமாகக் கடவுச்சீட்டின் வடிவத்தை வரையறுத்தது. உருசியப் புரட்சியால் நாடிழந்தோர்க்காக 1922இல் பிரிட்ஜோப் நான்சென் என்பாரின் முயற்சியால் ஒரு சான்றிதழ் உருவாயிற்று. நான்சென் கடவுச்சீட்டு என்று அது புகழ் பெற்றது. அதில் ஒரு குறை இருந்தது. அதனை வழங்கிய நாட்டிற்கு மீண்டும் திரும்பிவரும் உரிமையைத் தொடக்கத்தில் அது தரவில்லை. புறப்படலாம், திரும்ப முடியுமா என்பது உறுதியில்லை. அதனால், இவர் நம்மிடமே தங்கிவிடுவாரோ என்று அடுத்த நாடு தயங்கியது. அமெரிக்காவோ 1924இல் ஒவ்வொரு நாட்டிற்கும் ஆண்டுக்கு இத்தனை பேர் என்று ஒதுக்கீடு வகுத்தது. செருமனிக்கும் ஆத்திரியாவிற்கும் சேர்த்துப் பின்னாளில் அது 27,370 ஆயிற்று.

இனி 1938க்கு வருவோம். அவ்வாண்டு அக்டோபர் 5 அன்று செருமானிய யூதர்களின் கடவுச்சீட்டுகள் அனைத்தும் செல்லாதவையாக்கப்பட்டன. 'ஜே' என்னும் பெரிய சிவப்பு எழுத்து பொறிக்கப்பட்ட பின்னரே அவை மீண்டும் செல்லும். யூதர் என்பதைக் காட்டும் அந்த அடையாளம் தோன்றியதில், எல்லையில் ஆள் தெரிய வேண்டும் என்று விரும்பிய சுவிட்சர்லாந்து அரசோடு நடந்த பேச்சுக்கும் பங்கு உண்டு. வழிவிடச் சொல்ல வேண்டிய சீட்டே, இவருக்கு வழிவிடாதே என்று சொல்லத் தொடங்கியது. அடுத்த மாதம் 9, 10 நாள்களில் யூதர்களின் வழிபாட்டு இடங்களும் கடைகளும் நாடெங்கும் தாக்கப்பட்டன. ஏறக்குறைய 30,000 ஆண்கள் தடுப்பு முகாம்களுக்குக் கொண்டு செல்லப்பட்டனர். நாட்டை விட்டுப் போய்விடுவதாக உறுதி கூறியோர் பலர் விடுவிக்கப்பட்டனர். ஆனால் எங்கே போவது? அமெரிக்க ஒதுக்கீட்டுப் பட்டியலில் பெயர் பதிந்தவர்கள் ஆண்டுக்கணக்கில் காத்திருக்க வேண்டியிருந்தது.

இந்நிலையில்தான் கியூபா ஒரு வழியாகத் தோன்றியது. 1939 ஜனவரியில் கியூப அரசு பிறப்பித்த 55ஆம் ஆணை, வருவோரை இரு வகையாகப் பிரித்தது. அகதிக்கு நுழைவிசைவும் 500 டாலர் பிணைத்தொகையும் வேண்டும். சுற்றுலாப் பயணிக்கு இவை வேண்டா. அகதி யார், சுற்றுலாப் பயணி யார் என்பதை ஆணை வரையறுக்கவில்லை. நம் இலக்கண ஆசிரியர்கள் கண்டால் குன்றக்கூறல் என்று குற்றம் சொல்லியிருப்பார்கள். கியூபக் குடிவரவுத் துறையின் தலைவர் மனுவேல் பெனிட்டஸ் அதனை நல்வாய்ப்பாகக் கண்டார். கரையிறங்கும் அனுமதி என்னும் பெயரில், அகதிகளைச் சுற்றுலாப் பயணிகளாகக் காட்டும் தாள்களைத் தாமே கையொப்பமிட்டு, ஒன்று சுமார் 150 டாலர் என்று விற்கத் தொடங்கினார். அவர் ஈட்டிய தொகை ஐந்து இலட்சம் டாலருக்குக் குறையாது என மதிப்பிடப்படுகிறது.

கியூபாவிற்குச் செல்ல வந்தது 'செயின்ட் லூயிஸ்'. பாலினின் ஹாம்பர்க்-அமெரிக்கா நிறுவனத்தின் கப்பல் அது. பாலினும் ஒரு யூதர் என்பதை இங்கே சொல்லியாக வேண்டும். பேரரசர் முடிதுறந்த 1918 நவம்பர் 9 அன்று, நச்சு அளவுக்குத் தூக்க மருந்தை உட்கொண்டு அவர் இறந்தார். அவர் வளர்த்த நிறுவனத்தின் கப்பல்களில் இப்போது நாஜிகளின் கொடி பறந்தது. 1929 முதல் ஓடிய செயின்ட் லூயிஸ், அட்லாண்டிக் கடலைக் கடப்பதோடு உல்லாசப் பயணங்களும் சென்றுவந்த கப்பல். 1939 மே 13 அன்று ஹாம்பர்க்கிலிருந்து அது புறப்பட்டது. பயணிகள் மொத்தம் 937 பேர். ஏறக்குறைய எல்லோரும் நாஜி ஆட்சியிலிருந்து தப்பி ஓடும் யூதர்கள். பயணக் கட்டணத்தோடு, ஒருவேளை திரும்ப நேர்ந்தால் என்று சொல்லி 230 மார்க் கூடுதலாகவும் அவர்களிடம் பெறப்பட்டது. கையில் கொண்டுபோக அரசு விட்டுவைத்தது ஆளுக்குப் பத்து மார்க்.

திரும்பும் பயணத்திற்கும் பணம் கட்டிய இவர்கள் தாளளவில் முழுமையான சுற்றுலாப் பயணிகள். கப்பலும் அதற்கேற்பவே நடந்துகொண்டது. தலைவர் குஸ்தாவ் ஷ்ரோடர், மற்ற பயணிகளுக்குச் செய்யும் மரியாதை இவர்களுக்கும் செய்யப்பட வேண்டும் என்று பணியாளர்க்குக் கட்டளையிட்டிருந்தார். நல்ல உணவு பரிமாறப்பட்டது. இசையும் நடனமும் இருந்தன. நீச்சல் குளத்தில் குழந்தைகள் நீந்தப் பழகினர். வெள்ளிக்கிழமை மாலை வழிபாட்டிற்காக உணவுக்கூடத்திலிருந்த இட்லரின் படத்தைக் கழற்றி வைக்கவும் தலைவர் இசைந்தார்.

ஆனால் கப்பல் புறப்படுவதற்கு எட்டு நாள் முன்னரே, மே 5 அன்று, கியூபாவின் குடியரசுத் தலைவர் ஃபெடரிக்கோ லரேடோ புரூ வேறோர் ஆணையில் கையெழுத்திட்டிருந்தார். பெனிட்டஸ் வழங்கிய அனுமதிகள் செல்லா. நுழைய விரும்புவோர் இரு அமைச்சகங்களின் எழுத்துவழி ஒப்புதல் பெற்று 500 டாலர் பிணையும் கட்ட வேண்டும். அமெரிக்கச் சுற்றுலாப் பயணிக்கு மட்டும் பிணை வேண்டா. ஆணையின் எண் 937. பயணிகளின் எண்ணிக்கையும் அதுவே என்பது தற்செயல்தான்; ஆயினும் படிப்போர் மனத்தை அது உறுத்தாமல் விடுவதில்லை. சிக்கல் வரக்கூடும் என்பதைக் கப்பல் நிறுவனம் அறிந்திருந்தது. பயணிகளில் பெரும்பாலோர் அறியவில்லை.

மே 27 அன்று கப்பல் ஹவானா துறைமுகத்தில் நங்கூரமிட்டது. இறங்க விடப்பட்டவர்கள் 28 பேர் மட்டுமே. அவர்களுள் 22 பேர் அமெரிக்க விசா வைத்திருந்த யூதர்கள், நால்வர் ஸ்பானியர், இருவர் கியூபர். இன்னொருவர் மணிக்கட்டை அறுத்துக்கொண்டு கடலில் குதித்தமையால் மருத்துவமனைக்குக் கொண்டு செல்லப்பட்டார். மனைவி மக்கள் கப்பலிலேயே இருக்க, அவர் மட்டும் கரை சேர்ந்தார். முன்னரே ஹவானாவுக்கு வந்து காத்திருந்த உறவினர்கள் சிறு படகுகளை அமர்த்திக்கொண்டு கப்பலைச் சுற்றி வந்து, மேல்தளத்தில் நின்றவர்களைப் பெயர் சொல்லி அழைத்தனர். கண்ணுக்கு எட்டிய கரை காலுக்கு எட்டவில்லை.

அமெரிக்க யூத உதவி அமைப்பின் சார்பில் லாரன்ஸ் பெரன்சன் என்னும் வழக்கறிஞர் ஹவானாவுக்கு வந்து பேச்சு நடத்தினார். ஆளுக்கு 500 டாலர் என்ற கணக்கில் 4,53,500 டாலர் கேட்டது கியூப அரசு. பெரன்சன் தொகையைக் குறைத்துப் பேச முயன்றார், பேச்சு முறிந்தது. அதற்கு முன்னரே, ஜூன் 2 அன்று, கியூபாவின் கடல் எல்லையை விட்டு வெளியேறுமாறு கப்பலுக்குக் கட்டளை பிறந்துவிட்டது. ஷ்ரோடர் கப்பலை விரைந்து செலுத்தாமல் புளோரிடாவின் கரையோரமாக ஓட்டினார். மயாமி நகரின் விளக்குகளைப் பயணிகள் கண்டனர். குடியரசுத் தலைவர் ரூஸ்வெல்ட்டுக்கு அவர்கள் அனுப்பிய தந்திக்கு மறுமொழி வரவில்லை. காத்திருப்போர் பட்டியலில் முறை வரும்வரை காத்திருந்து, விசா பெற்ற பின்னரே அமெரிக்காவுக்குள் வரலாம் என்பதே அயலுறவுத் துறையின் நிலை. கப்பலில் இருந்தோருள் 743 பேர் அந்தப் பட்டியலில் முறைக்குக் காத்திருந்தவர்களே. கனடாவிலும் அவர்களுக்காகச் சிலர் வேண்டுகோள் விடுத்தனர். அங்கும் கதவு திறக்கவில்லை.

ஜூன் 6 அன்று கப்பல் ஐரோப்பாவை நோக்கித் திரும்பியது. திரும்பும் பயணத்திற்கு வாங்கிய பணத்திற்கு இப்போது வேலை வந்துவிட்டது. செருமனிக்குத் திரும்பினால் தடுப்பு முகாம்தான் என்பதை உணர்ந்த ஷ்ரோடர், வேறு வழியே இல்லையெனில் இங்கிலாந்துக் கரையில் கப்பலைத் தட்டவிட்டேனும் பயணிகளை இறக்கிவிட எண்ணியிருந்தார். அதற்குள் உதவி அமைப்பின் ஐரோப்பியப் பொறுப்பாளர் மோரிஸ் ட்ரோப்பர் நான்கு நாடுகளை இசையச் செய்தார். ஜூன் 17 அன்று ஆண்ட்வெர்ப் துறைமுகத்தில் கப்பல் அணைந்தது. பிரிட்டன் 288 பேரையும், பிரான்சு 224 பேரையும், பெல்ஜியம் 214 பேரையும், நெதர்லாந்து 181 பேரையும் ஏற்றுக்கொண்டன. அன்றைய செய்தித்தாள்களுக்கு அது ஒரு நல்ல முடிவாகவே தோன்றியது.

அது முடிவு அன்று. 1940 மே மாதம் செருமானியப் படை மேற்கே பாய்ந்தது. ஐரோப்பியப் பெருநிலத்தில் இறங்கியவர்களுள் 87 பேர் அதற்குமுன் வேறு நாடுகளுக்குப் போய்விட்டிருந்தனர். 532 பேர் அகப்பட்டுக்கொண்டனர். அவர்களில் 278 பேர் பிழைத்தனர். 254 பேர் மாண்டனர். வாஷிங்டனிலுள்ள யூதப் பேரழிவு நினைவு அருங்காட்சியகத்தின் ஆய்வாளர்கள் சாரா ஓகில்வி, ஸ்காட் மில்லர் இருவரும் பல ஆண்டுகள் உழைத்து, ஒவ்வொரு பயணியாகத் தேடிச் சேர்த்த கணக்கு இது. 2006இல் நூலாக வெளிவந்தது. பிரிட்டனில் இறங்கியவர்கள் ஏறத்தாழ அனைவரும் உயிர் பிழைத்தனர். எந்தப் பட்டியலில் ஒருவர் பெயர் எழுதப்பட்டது என்பதே பலருக்கு வாழ்வையும் சாவையும் முடிவு செய்தது.

ஷ்ரோடர் 1959இல் மறைந்தார். 1993இல் இசுரேலின் யாத் வஷேம் நினைவகம் அவரை நீதிமான்கள் வரிசையில் சேர்த்துச் சிறப்பித்தது. கனடாவின் பிரதமர் 2018 நவம்பர் 7 அன்று நாடாளுமன்றத்தில் மன்னிப்புக் கேட்டார். போரில் குண்டுவீச்சால் சிதைந்த கப்பல், போருக்குப் பின் ஹாம்பர்க்கில் சில காலம் தங்கும் விடுதியாக இருந்து, 1952இல் உடைக்கப்பட்டது.

இக்கதையைப் பெனிட்டசின் பேராசையாலும் புரூவின் பிடிவாதத்தாலும் விளைந்த கொடுமை என்று சொல்லி முடித்துவிடுவோர் உண்டு. நமக்கு அது போதுமானதாகத் தோன்றவில்லை. அப்பயணிகளிடம் கடவுச்சீட்டு இருந்தது. கரையிறங்கும் அனுமதி இருந்தது. திரும்பும் பயணத்திற்கான கட்டணமும் செலுத்தப்பட்டிருந்தது. இல்லாதது ஒன்றுதான்: திரும்பிப் போனால் ஏற்றுக்கொள்ளும் நாடு. சுற்றுலாப் பயணி யார், அகதி யார் என்று 55ஆம் ஆணை சொல்லாமல் விட்டதைச் சொல்ல முயன்றால் விடை எளியது. திரும்பிச் செல்ல வீடுள்ளவர் பயணி. அது இல்லாதவர் அகதி. திரும்ப வீடுள்ளவரையே எல்லா நாடுகளும் உள்ளே அழைக்கின்றன. புகலிடம் யாருக்கு மிகுதியும் தேவையோ, அவருக்கே கதவு இறுகச் சாத்தப்படுகிறது.

இன்றைய விதிகளிலும் இந்தக் கருத்து மறைந்து நிற்பதைக் காணலாம். அமெரிக்கத் துறை ஒன்றிலிருந்து புறப்பட்டு, கரீபியன் தீவுகள் போன்ற அண்டை இடங்களைச் சுற்றி, அதே துறைக்குத் திரும்பும் கப்பலில் செல்லும் அமெரிக்கக் குடிமக்கள், 2009இல் நடைமுறைக்கு வந்த விதிகளின்படி கடவுச்சீட்டு இல்லாமலே பிறப்புச் சான்றும் படமுள்ள அடையாள அட்டையும் காட்டித் தாய்நாட்டுக்குள் திரும்பலாம். வட்டமாகச் சென்று திரும்பும் பயணத்திற்கு அவ்வளவு சலுகை. இந்தியப் பயணிக்கோ, கப்பல் தொடும் ஒவ்வொரு நாட்டின் விதியையும் தனித்தனியே பார்க்க வேண்டியிருக்கிறது. ஒரு நாட்டில் ஏறி, இடையில் வேற்று நாட்டைத் தொட்டு, மீண்டும் அதே நாட்டில் வந்து இறங்குவதானால், ஒருமுறை நுழைவிசைவு பெரும்பாலும் போதாது. பலமுறை நுழைவதற்கான விசா தேவைப்படும். தாள் குறைந்தால் ஏறும் துறையிலேயே நிறுத்தப்படுவதும் உண்டு. திருப்பிக் கொண்டுபோகும் செலவுக்கு அஞ்சும் கப்பல் நிறுவனத்தின் அந்த எச்சரிக்கையில் 1891ஆம் ஆண்டுச் சட்டத்தின் எதிரொலி கேட்கிறது.

தாள்கள் எல்லாம் சரியாக இருந்தும் கரை மறுக்கப்படலாம் என்பதை 2020 பிப்ரவரியில் 'வெஸ்டர்டாம்' என்னும் உல்லாசக் கப்பல் காட்டியது. ஹாங்காங்கிலிருந்து புறப்பட்ட அதனைக் கொரோனா அச்சத்தால் தைவான், ஜப்பான், பிலிப்பைன்ஸ், குவாம், தாய்லாந்து ஆகிய ஐந்து இடங்களும் ஏற்க மறுத்தன. இறுதியில் 13ஆம் நாள் கம்போடியாவின் சிகானுக்வில் துறை இடம் கொடுத்தது. அன்றும் இசைவு என்பது தருபவரின் விருப்பமாகவே இருந்தது. ஆயினும் அக்கப்பலில் இருந்தோருக்குத் திரும்பிச் செல்ல நாடு இருந்தது. செயின்ட் லூயிசுக்கும் அதற்கும் உள்ள வேறுபாடு அதுவே.

போர் முடிந்த பின், 1951 ஜூலை 28 அன்று, ஜெனீவாவில் அகதிகள் உடன்படிக்கை நிறைவேறியது. உயிருக்கோ உரிமைக்கோ ஆபத்துள்ள இடத்திற்கு அகதியைத் திருப்பி அனுப்பலாகாது என்னும் அதன் 33ஆம் பிரிவைப் பலர் அறிவர். அகதிகளுக்கான பயண ஆவணம் பற்றிய இணைப்பிலுள்ள 13ஆம் பத்தியை அறிந்தோர் குறைவு. ஆவணத்தை வழங்கிய நாடு, அது செல்லும் காலம்வரை அதனை உடையவரை மீண்டும் தன் மண்ணில் ஏற்றுக்கொள்ள வேண்டும் என்கிறது அப்பத்தி. நான்சென் கடவுச்சீட்டில் விடுபட்டது அங்கே எழுதப்பட்டது. இவ்வுடன்படிக்கையில் இந்தியா கையொப்பமிடவில்லை என்பதை, இராமேசுவரக் கரையில் படகுகளில் வந்திறங்கியவர்களைக் கண்ட தமிழர்களாகிய நாம் நினைவில் கொள்வது நல்லது.

கடவுச்சீட்டின் பக்கங்களைப் புரட்டும் அதிகாரி நாம் போகும் இடத்தைத்தான் பார்க்கிறார் என்று எண்ணிக்கொள்கிறோம். திரும்பி வந்தால் நம்மை ஏற்றுக்கொள்ள ஒரு நாடு இருக்கிறதா என்பதையே அவர் முதலில் பார்க்கிறார். 1939 ஜூன் மாதம் மயாமியின் விளக்குகளைப் பார்த்துக்கொண்டு கப்பலின் மேல்தளத்தில் நின்றவர்களுக்கு அக்கேள்விக்கு விடை இல்லை.